சூயெஸ் திறந்துவிட்ட கடல்வழி

1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் திகதி சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆசியாவின் சரக்குகள் ஆபிரிக்காவைச் சுற்றாமல் வந்துசேரும் என ஐரோப்பிய வணிகர் மகிழ்ந்தனர். தொடக்க ஆண்டுகளிற் கட்டாய ஊழியத்துக்குப் பிடித்துவரப்பட்டு மணலை வாரிய எகிப்திய உழவர்களுக்கு அவ்விழாவில் இடமிருக்கவில்லை. வணிகரின் இலாபக் கணக்கில் கடலுயிர்களுக்கும் இடமிருக்கவில்லை.

செங்கடலுயிர்கள் உடனே பெருந்தொகையாக வடக்கே செல்லவில்லை. கால்வாய் வழியிலுள்ள கசப்பு ஏரிகளின் அடியிற் கனத்த உப்புப் படுகை கிடந்தது. அதன் மிகையான உவர்ப்பு ஒரு தடை. வடவாயிலருகே நைல் வெள்ளம் கொணர்ந்த நன்னீர் மற்றொரு தடை. உப்புப் படுகை பல தசாப்தங்களாகக் கரைந்தது. 1970இல் நிறைவெய்திய அஸ்வான் உயர் அணை நைல் வெள்ளத்தையும் அடக்கிற்று. எனினும், செங்கடல் மீனொன்று மத்தியதரைக் கடலை அடைந்தமை 1902இலேயே பதிவாயிற்று. பின்னர் நூற்றுக்கணக்கான இனங்கள் சென்றன. கால்வாயை அமைத்த டி லெசெப்ஸின் பெயராலேயே விஞ்ஞானிகள் இக்குடிபெயர்வை வழங்குகின்றனர்.

இதன் சுமையைத் தாங்குவோர் யார்? நம் கரையோரத்தார் ஒரா என அழைக்கும் மீன்வகையைச் சேர்ந்த ஈரினங்கள் துருக்கி, லெபனான் கரைப்பாறைகளின் பாசியை மேய்ந்து வெறுமையாக்கியுள்ளன. 2003இல் துருக்கிக் கரையிற் காணப்பட்ட நச்சுப் பேத்தை மீன் வலையைக் கடித்துக் கிழிக்கிறது. உண்பவர் உயிருக்கும் ஆபத்து. சொறிமுட்டைகள் திரண்டு வந்து இஸ்ரேலிய மின்நிலையங்களின் குளிர்நீர்க் குழாய்களை அடைத்திருக்கின்றன. வந்தவற்றுட் சில இறால்களும் மீன்களும் சந்தையில் விலைபோகின்றன என்பதும் உண்மையே. ஆனால், கிழிந்த வலைக்கு அவை ஈடாகா.

1956இல் நாஸர் கால்வாயை நாட்டுடைமையாக்கியது அடிமைப்பட்ட நாடுகளுக்கெல்லாம் நம்பிக்கையூட்டிய நீதியான செயல். அஸ்வான் அணையும் உழவரின் நன்மையை நாடியே எழுந்தது. ஆயினும் உடைமை மாறியதனால் மட்டும் கடலின் இயல்பு மாறிவிடாது. 2015இல் கால்வாய் விரிவாக்கப்படுமுன் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் எச்சரித்தனர். கரைந்துபோன உவர்நீர்த் தடையை மீண்டும் உருவாக்கலாம் என்ற யோசனையும் அவர்களிடமிருந்து வந்தது.

அதற்குச் செலவாகும். அச்செலவை வலை வீசி வாழ்பவன் தலையிற் சுமத்தலாகாது. கால்வாயினால் வழி சுருங்கி இலாபம் பெருக்கிய கப்பல் முதலாளிகள் செலுத்தும் கட்டணத்திலிருந்தே அதனைப் பெறவேண்டும். இயற்கையை மாற்றும் திட்டம் எதுவாயினும், அதன் பின்விளைவுக்குப் பொறுப்பேற்பவர் யாரென்பதையும் முதல் நாளிலேயே வரையறுப்பதுதான் மக்கள் சார்பான திட்டமிடல்.