நம்ம ஆளு யாருக்கு ஆளு?

தேர்தல் வந்தால் வடசென்னைச் சேரிகளிலும் குப்பங்களிலும் ஒரு பேச்சு எழும். “நம்ம ஓட்டு நம்ம ஆளுக்குத்தான்.” பெண்கள் மத்தியில் அதுவே, “பொம்பள நின்னா பொம்பள கஷ்டம் தெரியும்” என்று வரும். உடனே படித்தவர்கள் புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். சாதி பார்க்காதே, ஆண் பெண் பார்க்காதே, தகுதியைப் பார். தொகுதிதோறும் சாதிக்கணக்குப் போட்டு ஆள் நிறுத்தும் கட்சி அலுவலகத்தில் போய் இந்தப் புத்தியை யாரும் சொல்வதில்லை. பெரும்பான்மைச் சாதிக்காரன் தன் ஆளுக்குப் போட்டால் அது அரசியல். நாம் போட்டால் மட்டும் சாதிவெறியா?

ஆனால் இப்படிக் கேட்டுவிட்டதாலேயே நம் வேலை முடிந்துவிடாது. நம்ம ஆளு உள்ளே போனபிறகு அவர் யாருக்கு ஆளாக இருக்கிறார்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்றே ஆண்டில், 1921இல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி என்ற ஒற்றுமை சாதியில் முட்டி உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன. ‘பிராமணரல்லாதார் எல்லோரும் ஒன்று’ என்று பேசிய நீதிக்கட்சியின் தலைவர்கள் அப்போது சாதி இந்துத் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார்கள். ஆதிதிராவிடருக்காக வாதாடிய எம்.சி.ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். இன்னொருவர் நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை நமக்கு எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் புளியந்தோப்புச் சாம்பலில் தேடட்டும்.

அதே ராஜா 1932இல் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூட்டுத்தொகுதி போதும் என்றார். அம்பேத்கரும் நம் ரெட்டைமலை சீனிவாசனும் வட்டமேசையில் தனித்தொகுதி கேட்டவர்கள். மூவரும் தீண்டப்படாதார்தான். பிறப்பு ஒன்றாக இருந்தும் வழி ஒன்றாக இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, நம்மவரை நம்மவரே தேர்ந்தெடுக்க வழி செய்தது. நாடு முழுதும் 71 இடம், சென்னை மாகாணத்தில் 18. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின. சென்னைக்கு 30 வந்தது. எண்ணிக்கை கூடியது, கடிவாளம் கைமாறியது. முதல் சுற்றில் நம் வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் யார் சட்டமன்றம் போவது என்பதை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அந்த முதல் சுற்றுக்கும் பத்தாண்டுதான் ஆயுள். ஆள் நம்மாளு, ஓட்டு அவங்க ஓட்டு.

விளைவு 1938இல் சென்னைச் சட்டமன்றத்திலேயே தெரிந்தது. எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அமைச்சரவை அதை ஏற்கவில்லை. காங்கிரஸ் சீட்டில் வென்ற ஒதுக்கீட்டு உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கினார்கள். மசோதா தோற்றது. கூட்டுத்தொகுதிக்குக் கைநீட்டிய ராஜாவே, கூட்டுத்தொகுதி எப்படிப்பட்ட ஆளை உருவாக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தார்.

இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி அரசியல் நிர்ணய சபையில் நடந்தது. 1947 ஆகஸ்டில், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற எஸ்.நாகப்பா ஒரு திருத்தம் முன்வைத்தார். ஒதுக்கப்பட்ட தொகுதியில் வெல்பவர், பதிவான தாழ்த்தப்பட்டோர் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும். சபை ஏற்கவில்லை. அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் தக்ஷாயணி வேலாயுதன். அவரும் சென்னையிலிருந்து சென்றவர்தான். அவர் தனித்தொகுதியையே எதிர்த்தார். நாகப்பா கேட்டது சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் அவர் ‘ஆள் யார்’ என்பதோடு நிற்கவில்லை, ‘யார் ஓட்டில் வந்தார்’ என்று கேட்டார். நாம் மறந்துபோனது இதைத்தான்.

நம் வடசென்னைக்கே வருவோம். 1957இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடம் வென்றபோது பெரம்பூரில் வென்றவர் சத்தியவாணி முத்து. தலித், பெண், 1953இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சரானார். இரண்டு அடையாளமும் போராட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. ஆனாலும் 1974இல், கட்சிக்குள் நம் மக்களுக்கு நியாயம் இல்லை என்று வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார். மூன்றே ஆண்டில் அது அ.தி.மு.க.வில் கரைந்தது. அவரிடம் துணிவு இல்லையா? இருந்தது. அவர் வெளியே வந்தபோது அவருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பாக நாம்தான் திரண்டிருக்கவில்லை.

மீனவர் கதையும் தள்ளி இல்லை. திருவொற்றியூரின் கே.பி.பி.சாமி 2006 முதல் 2011 வரையும், ராயபுரத்தின் ஜெயக்குமார் 2016 முதல் 2021 வரையும் மீன்வளத்துறை அமைச்சர்கள். இருவரும் மீனவர் சமூகத்தவர், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவது இருவர் காலத்திலும் நிற்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது, கையால் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் அதில்தான் இறங்க வேண்டியிருந்தது. கடலை அறிந்தவர் அமைச்சரானாலும் ஆற்றைத் தீர்மானிப்பது வேறொரு துறை, வேறொரு மேசை.

அப்படியானால் நம்ம ஆளு வேண்டாமா? 2022இல் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, வடசென்னையிலிருந்து பிரியா மேயரானபோது, திருவொற்றியூரில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இனிமே நம்ம தெருவுல தண்ணி ஒழுங்கா வருமா?” “அதுக்கு நாமதான் போய்க் கேக்கணும்” என்றேன். “அப்ப முன்னாடி இருந்தவங்ககிட்ட ஏன் போய்க் கேக்கல?” என்றாள். கூச்சமில்லாமல் போய்க் கேட்கக்கூடிய ஒரு வாசல் என்பதே நமக்குப் பெரிசு. அது இடஒதுக்கீடு தந்தது, கட்சியின் பெருந்தன்மை அல்ல. சென்னையின் முதல் பெண் மேயர் தாரா செரியன் வந்தது 1957இல். ஒரு தலித் பெண் வர அதற்குப்பின் 65 ஆண்டு ஆயிற்று. தகுதி பார்த்துப் போடு என்று விட்டிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு?

ஆக, என் நிலை இது. ஒத்த பிறப்பு ஒரு தகுதிதான். பசியையும் அவமானத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டியிராத தகுதி. அது போதுமான தகுதி அல்ல. பூனா ஒப்பந்தம் பத்தாண்டுக்கு மட்டும் தந்த முதல் சுற்றைச் சட்டம் நமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. தெருவில் நாமே அதை நடத்தலாம். கட்சி ஆள் அறிவிக்கும் முன்பே சேரிக்கும் குப்பத்துக்கும் வந்து நிற்கச் சொல்வோம். கொறடா ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று வந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவாய் என்று பெண்கள் கேட்கட்டும். பதில் சொல்பவர் ஆணோ பெண்ணோ, பறையரோ அருந்ததியரோ மீனவரோ, அவரே நம்ம ஆளு. பதில் சொல்லாமல் நம் சாதிப்பெயரை மட்டும் சொல்பவர், சீட்டு கொடுத்தவனுக்கு ஆளு.