சுவரேறிய விகடம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்கிறோம். கார்ட்டூன் என்ற சொல்லே சுவரை வைத்து வந்ததுதான். இத்தாலிய மொழியில் 'கார்த்தோனே' என்றால் தடித்த தாள். சுவரோவியம் தீட்டுமுன் அதே அளவில் வரைந்து பார்க்கும் மாதிரிப் படத்துக்கும் அந்தப் பெயரே நின்றது. 1843இல் லண்டன் நாடாளுமன்றச் சுவர்களுக்கான மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தபோது, 'பஞ்ச்' இதழ் அதைக் கிண்டலடித்து, ஜான் லீச் வரைந்த படத்துக்குக் 'கார்ட்டூன், எண் 1' என்று தலைப்பிட்டது. சொல்லில் கேலி ஏறியது அப்போதுதான்.

கேலிப்படம் சுவரேறியதோ அதற்கும் முந்தி. 1799 வாக்கில், லண்டன் ஸ்ட்ராண்டு தெருவில் படக்கடை வைத்திருந்த ஆக்கர்மன், வுட்வர்டின் கற்பனைக்கு ரோலண்ட்சன் செதுக்கிய உருவங்களை நீளப் பட்டைகளாக அச்சிட்டு விற்றார். தொப்பைக்காரர், ஒட்டடைக்குச்சி உடம்புக்காரர், மூக்கு முன்னே போக ஆள் பின்னே வருகிறவர் என்று ஒரு வரிசை. வாங்கியவர்கள் வெட்டி, சேலைக்குக் கரை வைப்பதுபோல் அறைச் சுவரிலும் மடக்குத் தட்டியிலும் ஒட்டிக்கொண்டார்கள். டெர்பிஷயரின் கால்க் அபே மாளிகையில் ஓர் அறைச் சுவர்களில் கேலிப்படங்களாகவே ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டைகளை ஆக்கர்மன் 'குரோடெஸ்க்' என்றார். 'குரோட்டா' என்றால் குகை. மண்மூடிக் குகைபோல் கிடந்த நீரோவின் அரண்மனைச் சுவர்களில், 15ஆம் நூற்றாண்டு ரோமானியர் கண்ட விசித்திர உருவங்களால் வந்த பெயர்.

தமிழில் இதற்கு நேரான சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: விகடம். வடமொழியில் 'விகட' என்றால் இயல்பு மாறிய, பெருத்த, கோரமான உருவம். பிள்ளையாருக்கும் விகடர் என்று ஒரு பெயர் உண்டு. அந்தத் தொந்திக்கு வேறென்ன சொல்வது! தமிழுக்கு வந்தபின் உருவக் கோணல் பின்னுக்குப் போய், சிரிப்பு முன்னுக்கு வந்தது. 1926இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' பெயரிலும் சிரிப்புத்தான். ஆனால் அதில் ஓவியர் மாலி வரைந்த விகடச் சித்திரங்களில் பழைய பொருள் மறுபடி தலைநீட்டியது.

இன்று புழங்கும் 'கருத்துப்படம்' வேறு வழியில் வந்த பிள்ளை. பாரதி 1906 முதல் 'இந்தியா' இதழில் வெளியிட்ட அரசியல் படங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அங்கே வாதம்தான் முதலாளி, கோடு கூலி. எல்லாக் கேலிப்படத்துக்கும் அதையே சூட்டுவதைத்தான் நான் ஒப்பமாட்டேன்.

இங்கே மலேசியாவில், பேராக்கின் சுங்காய்ப் பக்கத் தோட்டங்களில், லயத்து வீட்டுப் பலகை இடுக்கை அடைக்கப் பழைய பத்திரிகைத் தாளைக் கஞ்சிப்பசையால் ஒட்டிய காலம் உண்டு. கார்ட்டூனும் அதோடு சுவருக்குப் போகும். நாலு மாதத்தில் எந்த மந்திரி, என்ன சண்டை என்பதெல்லாம் மறந்துபோகும். மூக்கைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது மட்டும் நிற்காது.

நம் பேராக்கின் கார்ட்டூன் ஓவியர் லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'புலாட்', அதாவது உருண்டை, என்ற வீட்டுப் பெயரின் வால்தான் 'லாட்'. 1979இல் வந்த 'கம்போங் பாய்' நூலில் அவர் வரைந்த பரட்டைத் தலைப் பையனுக்கு என்ன கருத்து? அது விகடச் சித்திரம்.