குதிரைப் பண்ணையும் கடற்கோட்டையும்

நெடுந்தீவுக்குப் போற எல்லாரும் எங்கட ஊரைத் தாண்டித்தான் போகவேணும். வேலணையிலிருந்து வாணர் பாலத்தால வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில படகு ஏறுவினம். கேட்டால் "குதிரை பாக்கப் போறம்" எண்டு சொல்லுவினம். அந்தக் குதிரைகள் எப்படி அங்கே வந்தன என்ற கதை எங்களுக்கே கனகாலம் சரியாகத் தெரியாது.

நெடுந்தீவு ஒருகாலத்தில் குதிரைப் பண்ணை. போர்த்துக்கேயர் தொடங்கிய வளர்ப்பை ஒல்லாந்தர் தொடர்ந்தார்கள். தங்கட நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தவர்களும் அவர்கள்தான்: நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, எங்கட புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது. டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு நிக்குது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பண்ணையை நடத்தினார். தட்டையான புல்வெளி, சுற்றிவரக் கடல். குதிரை தப்பியோட வழியில்லை. பண்ணை முடிந்தபோது ஆட்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. இப்போது மேய்பவை அவற்றின் வழிவந்தவை. முருகைக்கல்லால் கட்டிய லாயம் இடிந்து கிடக்கிறது. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கடும் வறட்சி வந்தால் தண்ணியில்லாமல் குதிரைகள் சாகிற செய்தியும் வரும்.

பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்றினால் என்ன நடக்கும்? அதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, குடிதண்ணி இல்லாமல் போனதால்தான் உள்ளே இருந்தவர்கள் பணிந்தார்கள். பிறகு அது சிறையானது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். இன்று அது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. சுவர்கள் நல்லா இருக்கு. ஆனால் அறைக்குக் காசு கட்டுபவர்தான் அங்கே ஆறுதலாகத் தங்கலாம்.

லாயம் கேட்பாரில்லாமல் அழிகிறது. கோட்டை கவனிக்கப்பட்டு விடுதியாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி வேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம். லாயத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு காட்சியகம், நெடுந்தீவு ஆட்களே நடத்துவதாக, வருகிறவர்கள் ஒரு இரவு தங்கிப்போக ஊர்வீடுகள். குதிரைக்குத் தண்ணித் தொட்டி கட்டுகிற காசு அதிலிருந்தே வரட்டும்.

அப்படி ஒன்று வந்தால் நோலனின் கதை மட்டும் சுவரில் தொங்கினால் போதாது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் வந்த சனம் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டது. குழந்தைகளும் அதில் அடக்கம். குதிரை பார்க்கப் போகிறவர்கள் கடப்பதும் அதே கடல்தான். அதையும் சொல்கிற சுவர் எங்களுக்கு வேணும்.