ஏரியின் அடியில் ஒரு மணி



வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10 அன்று கடும்புயல் எழும்பிற்று. சுமார் 26,000 டன் இரும்புத்தாது ஏற்றிச்சென்ற ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்னும் 729 அடி நீளக் கப்பல் அன்றிரவு மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் டெட்ராய்ட் நகரிலுள்ள மாலுமிகள் ஆலயத்தின் போதகர் ரிச்சர்ட் இங்கால்ஸ், ஆலயமணியை 29 முறை ஒலித்தார்.

கப்பல் இரண்டாகப் பிளந்து, கனடாவின் எல்லைக்குள் 530 அடி ஆழத்தில் கிடக்கிறது. அங்கே நீரின் குளிர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ். நீர் புகாத உடை அணிந்தாலும் விரல்கள் மரத்துப்போகும். சுவாசக் கருவி உறைந்து காற்று வீணே பீறிட்டு வெளியேறக்கூடும். அவ்வளவு ஆழத்தில் சாதாரணக் காற்றிலுள்ள நைட்ரஜன் அறிவை மயக்கும், ஆக்ஸிஜனே நஞ்சாகும். ஆகையால் அங்கே இறங்குவோருக்கு ஹீலியம் கலந்த வாயு தேவை. 1995 செப்டம்பரில் தேர்ந்த முக்குளிப்போர் இருவர் அவ்விதமாய் இறங்கிக் கப்பலைத் தொட்டனர். அங்கே தங்கியது சில நிமிடங்களே; உடலில் கரைந்த வாயு தீங்கின்றி வெளியேறும்படி படிப்படியாய் மேலேறுவதற்கோ மணிக்கணக்கில் ஆயிற்று. அவர்களுடைய திறமை மெச்சத்தக்கதே.

ஆயினும் மாண்டோரின் குடும்பத்தாருக்கு அவ்விடம் கல்லறை. 29 பேரில் எவருடைய உடலும் கரைசேரவில்லை. நினைவுச்சின்னமாகக் கப்பலின் மணி வேண்டுமென்று அவர்கள் விரும்பினர். அதே ஆண்டு ஜூலை 4 அன்று, நீரின் அழுத்தத்தைத் தாங்கும் கவச உடையணிந்த ஒருவர் துணைநிற்க, அம்மணி மேலே கொண்டுவரப்பட்டது. 29 பெயர்களும் பொறிக்கப்பட்ட வேறொரு மணி அதன் இடத்தில் வைக்கப்பட்டது. பழைய மணி இன்று ஒயிட்ஃபிஷ் முனையிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர், 2006இல், உரிமம் பெறாமல் எவரும் அங்கே மூழ்கலாகாது என்று ஒன்டாரியோ மாகாணம் விதித்தது.

கப்பல் மூழ்கிய காரணம் இன்றும் விவாதத்திலேயே இருக்கிறது. அதை அறியும் ஆவல் தவறன்று. ஆனால் நம்மால் எட்டக்கூடிய இடமெல்லாம் நாம் நுழையத்தக்க இடம் ஆகிவிடாது.

துக்கவீட்டுக்குச் செல்லும் நாமும், “எப்படி நேர்ந்தது? யார் கவனக்குறைவு?” என்று துருவிக் கேட்பதுண்டு. கேட்கும் சாமர்த்தியமும் நமக்கு உண்டு. அந்த வீட்டார் அதைச் சொல்ல விரும்புகிறார்களா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். அந்த ஏரியில் குடும்பத்தார் விரும்பிய ஒன்றே மேலே வந்தது. அன்பானவர்களின் பெயர்கள் கீழே அவர்களோடு தங்கின. இவ்வாரம் நம்மிடையே துக்கித்திருப்போரைச் சந்திக்கும்போது, மரித்தவரின் பெயரை அன்போடு சொல்லி, அவர்கள் பேசும்வரை அருகே அமர்ந்திருப்போமாக.