தந்தை பார்த்த கிரகணம், மகன் எண்ணிய அணு

1871 டிசம்பர் 12. முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் யாழ்ப்பாணத்தில இருந்து திருகோணமலைப் பக்கம் ஓடியது. தண்ணீரூற்றில இருக்கிற எங்களுக்கு இரண்டும் அயல்தான். திருகோணமலையில நிறமாலைகாட்டியோட நிண்டவர் இங்கிலாந்தில இருந்து வந்த ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி. மறைந்த சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தின் நிறக்கோடுகளை அவர் ஆராய்ந்தார். அந்த ஒளிவட்டத்தில ஒரு பச்சைக் கோடு 1869இலேயே பிடிபட்டிருந்தது. 13 இலத்திரன்களை இழந்த இரும்புதான் அதை விடுகிறது எண்டு விளங்க எழுபது வருசம் போனது.

அவருடைய மகனும் ஹென்றி மோஸ்லிதான். 1913இல மூலகங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, அணுவெண் வெறும் வரிசை இலக்கமில்லை, அது கருவின் ஏற்றம் எண்டு காட்டினார். 1915இல கலிப்போலிப் போரில சுடப்பட்டு இறந்தார். வயது 27. போர் ஒரு பொடியனை எடுத்தால் அவன் செய்ய இருந்ததையும் சேர்த்துத்தான் எடுக்கும். இதை வன்னியில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் அவர் காட்டின கரு ஏற்றம் பிறகு வந்தவர்களுக்குச் சாவியானது. 1928இல டிராக் எழுதின சமன்பாட்டின்படி ஐதரசனின் இரண்டு சக்தி மட்டங்கள் ஒரே உயரத்தில இருக்கவேணும். 1947இல லாம்பும் ரெதர்போர்டும் அளந்து பார்த்தால் சின்ன இடைவெளி. ஒரு இலத்திரன்வோல்ற்றைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில நாலு பங்கு மட்டும்தான். வெற்றிடம் வெறுமையானதில்லை, அதுவும் இலத்திரனை அசைக்கிறது எண்டதுதான் அதன் அர்த்தம்.

இந்தப் பெயர்வு கரு ஏற்றத்தின் ஏறத்தாழ நாலாம் அடுக்கில வளரும். ஏற்றம் இரட்டித்தால் பெயர்வு கிட்டத்தட்ட 16 மடங்கு. அப்ப, மிகக் கனமான கருவில ஒரேயொரு இலத்திரனை மட்டும் விட்டால்?

ஜேர்மனியின் டாம்ஸ்ராட் நகரில இருக்கிற ஜிஎஸ்ஐ ஆய்வுகூடம் அதைத்தான் செய்தது. யுரேனியத்தின் 92 இலத்திரன்களில 91ஐ உரித்து, மிஞ்சின அயன்களை வளையமொன்றில சுற்றவிட்டு, அவற்றின் எக்ஸ் கதிர்களை அளந்தார்கள். ஓடுகிற அயனின் ஒளி ஓட்டத்தாலேயே மாறித் தெரியும். அந்த மாற்றத்தையும் கழிக்கவேணும். 2005இல வெளியான பெறுபேறு 460.2 இலத்திரன்வோல்ற், வழு 4.6. கோட்பாடு சொன்னது ஏறத்தாழ 464. வழுவுக்குள்ள பொருந்தியது.

பொருந்தியது எண்டால் முடிந்தது எண்டு அர்த்தமில்லை. வழுவைக் குறைத்தால் அதுக்குள்ள புதிசாக ஏதும் ஒளிச்சிருக்கலாம். ஆவர்த்தன அட்டவணையில 92 எண்ட இலக்கத்தைப் பாடமாக்கேக்க, அதை எண்ணக் காட்டித்தந்தவர் 27 வயசில இறந்த பொடியன் எண்டதையும் சேர்த்துப் படிப்பம்.