தெம்பனிஸ் மாடியும் காற்றில் வரும் குரலும்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பிழைப்பைத் தேடிச் சிங்கப்பூர் போகிறார்கள். அங்கே தெம்பனிஸில் குடியிருப்பவர்கள் ஊருக்கு வரும்போது, "வாத்தியாரே, மாடிக் கூரையில ஆண்டெனா நிக்குது, அதுலேர்ந்து கதிர் வருதாம், புள்ளைக்கு ஆகாதாமே?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. விடை சரித்திரத்தில் இருக்கிறது.

தெம்பனிஸ் என்பது வைரம் பாய்ந்த ஒரு மரத்தின் பெயர். கம்பங்களும் மணல் குழிகளுமாய்க் கிடந்த இடத்தில், 1980-களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதுநகர் எழுப்பியது. 1992-ல் அந்நகர் உலகக் குடியிருப்பு விருதும் பெற்றது.

சிங்கப்பூருக்குத் தொலைபேசி வந்தது 1879-ல், கம்பி வழியாகத்தான். கம்பியில்லா அலையோ 1888-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் நிரூபித்த உண்மை. 1895-ல் கல்கத்தாவில் நம் ஜகதீச சந்திர போஸ், அவ்வலையைச் சுவர் தாண்டிச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலையே தாண்டினார். சிங்கப்பூரில் 1988-ல் செல்லுலார் தொலைபேசி வந்தது. 1994-ல் ஜிஎஸ்எம் முறை வந்தது. அந்த இரண்டாம் தலைமுறைச் சேவை 2017-ல் மூடப்பட்டது.

ஆண்டெனா என்ன செய்கிறது? பால் வெட்ட ஆளுக்கு இத்தனை மரம் என்று பங்கு பிரிப்பதுபோல, நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு நிலையம் வைக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று திசைக்கு மூன்று பலகைகள். அலை கலங்கரை விளக்கின் ஒளிபோல முன்னோக்கிப் போகும். நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு மிகக் கொஞ்சமே இறங்கும். தூரம் இரு மடங்கானால் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும்.

இது எக்ஸ்ரே போன்றதல்ல. உடலின் அணுக்களை உடைக்கும் பலம் இதற்கில்லை. அளவு மிஞ்சினால் சூடாக்கும், அவ்வளவே. அதனால்தான் உலக நிபுணர் குழு, தீங்கு தொடங்கும் அளவில் ஐம்பதில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கு வரம்பாக வைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012-ல் அதையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தது.

2011-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இவ்வலையை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்று 2024-ல் எழுதினார்கள். இன்னொன்றும் கேளுங்கள். நிலையம் தொலைவில் இருந்தால் கையிலுள்ள போன் உரக்கக் கத்த வேண்டும். அருகில் இருந்தால் மெல்லப் பேசினால் போதும். காதோடு ஒட்டியிருப்பது போன்தானே! ஆகவே கம்பத்தை விரட்டினால் கதிர் குறைந்துவிடும் என்று எண்ணுவது சரியல்ல.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கூரையில் வர்ணம் பூசவும் சுத்தம் செய்யவும் போகிறவர்கள் நம்மவர்களே. ஆண்டெனாவுக்கு நேர் முன்னே, அருகில் நிற்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாதீர்கள், "முதல்ல அதை அணைச்சாச்சா?" என்று மேலாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். விளக்கேற்றுவது கல்வி. மாணவர்களே, போஸ் வழியில் நீங்களும் கேளுங்கள், அளந்து பாருங்கள், பிறகு நம்புங்கள்.