எலியும் பிளேக்கும் எங்க வீட்டு 52 படியும்

வீட்டுல ஒருத்தர் விழுந்தா ரெண்டு பேர் விழுந்த கணக்குதான். ஒருத்தர் கட்டில்ல. இன்னொருத்தர் அடுப்படியில:-)

தங்கமணி விழுந்து இன்னியோட நாலு மாசம் பதினொரு நாள். பாத்ரூம்ல. காரணம் யாருன்னு கேக்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க. பனியனைத் துவைச்சுட்டு சோப்புத் தண்ணியைத் தள்ளிவிடாம வந்த மகராசன் நாந்தான். இடது தொடை எலும்பு, இடுப்போட சேருற இடத்துல முறிவு. ஆபரேஷன் பண்ணி, மறுநாளே வாக்கரைக் கையில கொடுத்து நிக்க வச்சுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

எட்டாம் நாள் வீடு. எங்க வீடு மாட்டுங்காவுல மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 52 படி. கீழ்வீட்டு மராட்டிப் பசங்க நாலு பேர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு, "ஆஜி, காப்ரூ நகா"ன்னு சொல்லிச் சொல்லி மேலே தூக்கிட்டு வந்தாங்க. "பல்லக்குல வந்தாச்சு, இனி பல்லக்குலதான் இறங்கணும் போல"ன்னாங்க தங்கமணி. எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு.

அன்னிலேருந்து சமையல், துணி, பாத்திரம் எல்லாம் என் பொறுப்பு. உளுத்தம்பருப்பு டப்பா எது, துவரை டப்பா எதுன்னு 72 வயசுல கத்துக்கிட்டேன். நடுவுல கிடைக்கிற நேரத்துல ஒரே யோசனை. ஏன் 52 படி? ஏன் லிஃப்ட் இல்லை? இந்த வீட்டை யாரு, எதுக்கு இப்படிக் கட்டினாங்க? ரயில்வேயில வேலை பார்த்தவன் இல்லையா, ஒரு பெட்டி ஏன் இப்படி ஆச்சுன்னு சக்கரம் வரைக்கும் கழட்டிப் பாக்கறது பழக்கம். கழட்டிப் பார்த்தா கடைசியில கிடைச்சது ஒரு எலி!

1896 செப்டம்பர். துறைமுகத்தை ஒட்டின மாண்ட்வியில, தானியக் கிடங்குகளுக்கு நடுவுல மக்கள் காய்ச்சல் கண்டு, நெறி கட்டிச் செத்தாங்க. இது பிளேக்தான்னு முதல்ல சொன்னவர் டாக்டர் அகாசியோ வீகஸ்ங்கிற கோவாக்காரர். ஊரே காலியாச்சு. ரயிலேறி ஓடினவங்க லட்சக்கணக்குல. ஹாஃப்கின் இதே ஊர்ல தடுப்பூசி கண்டுபிடிச்சு, 1897 ஜனவரியில முதல்ல தனக்கே குத்திக்கிட்டார். எலியோட தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துதுன்னு பிரெஞ்சு மருத்துவர் சிமோன் சொன்னது 1898ல. அதை உலகம் ஒத்துக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அதிகாரிகளோட நினைப்பு வேற. நெரிசல்தான் நோய், கெட்ட காத்துதான் நோய், வெளிச்சமும் காத்தும் வந்தா பிளேக் போயிடும்.

அந்த நினைப்புல 1898ல பிறந்ததுதான் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட். நகரத்துக்குள்ள நெருக்கத்தை இடிச்சு பிரின்செஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடுன்னு அகலத் தெருக்களைப் போட்டாங்க. இடிச்சா ஜனம் எங்கே போகும்? வடக்கே வயலும் சதுப்புமா கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் நிலத்தை எடுத்து, மனை பிரிச்சு, குத்தகைக்கு விட்டாங்க. இன்னிக்கு நீங்க பார்க்கிற ஃபைவ் கார்டன்ஸ், மரம் வரிசையா நிக்கிற தெருக்கள், கிங்ஸ் சர்க்கிள் வட்டம், எல்லாம் அந்தத் திட்டத்தோட வாரிசு. பக்கத்துலயே மன்செர்ஜி ஜோஷிங்கிற பார்சி இன்ஜினியர் தன் சமூகத்துக்குன்னு மனைகளைக் கேட்டு வாங்கினார். அதுதான் தாதர் பார்சி காலனி.

டிரஸ்ட் 1933ல மாநகராட்சியோட சேர்ந்துபோச்சு. ஆனா அதுக்குள்ள இங்கே நம்மாளுங்க வந்தாச்சு. தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலின்னு பல ஊர்லேருந்து ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் தெரிஞ்ச பையன்கள். கோட்டையில ஆபீஸ், மாட்டுங்காவுல ஜாகை. பிள்ளைங்க படிக்க 1932ல எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம். தனிக்கட்டைங்க சாப்பிட 1942ல ரயில் நிலையத்துக்கு எதிரே ராமா நாயக்கோட உடுப்பி போர்டிங். பாட்டு கேக்க 1952ல சண்முகானந்தா சபா, 1963ல அதோட பெரிய அரங்கம். அந்த அரங்கம் 1990ல தீப்பிடிச்சு, 1998ல திரும்பத் திறந்தது. அன்னிக்கு நானும் தங்கமணியும் போய் வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்தோம். டிக்கெட் கிடைக்கலை:-)

இந்தக் கட்டடங்களைப் பத்தி நிகில் ராவ்ங்கிற வரலாற்று ஆசிரியர் 2013ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். எனக்கு அதுல பிடிச்ச சங்கதி, மாட்டுங்காவுல வந்த புதுமை மாடி இல்லை, கக்கூஸ்! அதுக்கு முன்னால சாலுன்னா வரிசையா அறைகள், கோடியில பொதுக் கக்கூஸ். வீட்டுக்குள்ளயே கக்கூஸா, அதுவும் அடுப்படிக்குப் பக்கத்துலயான்னு ஆசாரக்காரங்க முகம் சுளிச்ச காலம். அவங்களே மெதுவா மனசு மாறி, எல்லாம் உள்ளேயே இருக்கிற ஃப்ளாட்டுக்கு வாடகை கொடுக்க ஆரம்பிச்சாங்க.

இது புத்தகச் சங்கதி. எங்க வீட்டுச் சங்கதியும் இதேதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1974ல மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை கிடைச்சு வந்தப்ப, தாராவியில மாமா வீட்டுலதான் இறங்கினேன். எங்க திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்க தோல் பதனிடுற வேலைக்கு அங்கே ரெண்டு மூணு தலைமுறைக்கு முன்னயே வந்துட்டாங்க. அவங்களுக்கும் முன்னால இருந்தவங்க கோலி மீனவர்கள். மாட்டுங்காவுக்கு வந்தவன் பேனாவோட வந்தான், தாராவிக்கு வந்தவன் கையோட வந்தான். நடுவுல இருக்கறது ஒரு தண்டவாளம்தான், ஆனா அதைத் தாண்ட எங்க மாமாவுக்கு ஆயுசு போதலை. விடிகாலை நாலு மணிக்கு குழாயடி. கையில டப்பாவோட பொதுக் கக்கூஸ் வரிசை. 1966ல சிவசேனை ஆரம்பிச்ச புதுசுல தென்னிந்தியர் கடைகளுக்கு விழுந்த அடியை மாமா பார்த்தவர். "ரோட்டுல வேட்டி கட்டாதே, சத்தமாத் தமிழ் பேசாதே"ன்னு எனக்கு முதல் பாடம் அவர்தான் எடுத்தார். அம்பது வருஷம் கழிச்சு என் வீட்டம்மாவைத் தூக்கிட்டு வந்தது மராட்டிப் பசங்கன்னு அவர்கிட்ட சொல்ல முடியலையேன்னு இருக்கு.

1980ல கல்யாணம். தங்கமணியும் தாராவிக்கே வந்தாங்க. நாலு வருஷம் இருட்டுல எழுந்து அந்த வரிசையில நின்னாங்க. பகல்ல போகக் கூடாதுன்னு தண்ணி குடிக்காமலே இருந்தாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். 1984ல மாட்டுங்காவுல இந்த வீடு பகடிக்கு வருதுன்னு ஒரு தரகர் சொன்னார். பகடின்னா, மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துட்டு, அப்புறம் சொற்ப வாடகையில காலாகாலத்துக்கும் இருந்துக்கலாம். பாக்கப் போனோம். ஹால் எப்படி, வெளிச்சம் எப்படின்னு நான் பார்த்துட்டிருக்கேன். அவங்க நேரா உள்ளே போய்க் கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்து, உள்தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துட்டு, "இதையே பேசி முடிங்க"ன்னாங்க. மறுநாள் அவங்க அம்மா போட்ட நகை, தாலியைத் தவிர மொத்தமும் போச்சு.

அந்த வாடகை ஏன் சொற்பம்? அதுக்கும் ஒரு கதை. 1947ல வந்த பம்பாய் வாடகைச் சட்டம், பழைய கட்டடங்களோட வாடகையை 1940 செப்டம்பர் 1ல இருந்த அளவுலயே கட்டிப்போட்டுது. போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குப் போட்ட கட்டு, அம்பது வருஷம் அவிழவே இல்லை. 1999 சட்டம் வந்துதான் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏத்தலாம்னு ஆச்சு. வாடகையில சுண்ணாம்பு கூட வாங்க முடியாதுன்னா வீட்டுக்காரர் எதுக்கு ரிப்பேர் பண்ணுவார்? மழைக்குக் கட்டடங்கள் இடிஞ்சு விழ, 1969ல ரிப்பேருக்குன்னே ஒரு வாரியம் வந்து, அதுக்கு செஸ் வரியும் வந்தது. எங்க கட்டடமும் அந்த செஸ் ஜாதிதான். இதுல லிஃப்டாவது ஒண்ணாவது!

ஆக, எலி இல்லைன்னா பிளேக் இல்லை. பிளேக் இல்லைன்னா டிரஸ்ட் இல்லை. டிரஸ்ட் இல்லைன்னா இந்த வீடு இல்லை. வாடகைச் சட்டம் இல்லைன்னா எங்களுக்கு இது கட்டுப்படியும் ஆகியிருக்காது, லிஃப்ட் இல்லாமலும் இருந்திருக்காது. நம்மைக் காப்பாத்தினதும் மாட்டிவிட்டதும் ஒண்ணேதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் அந்தக் கக்கூஸ்லயேதான். குந்தி உக்காரவே கூடாதுன்னுட்டாங்க டாக்டர். அவ்வளவு ஆசையா வாங்கின இந்தியன் டைப்பை உடைச்சு, வெஸ்டர்ன் வச்சு, சுவத்துல பிடிமானக் கம்பி அடிச்சேன். பழைய பீங்கானைக் கொத்தனார் மூட்டையில கட்டி எடுத்துட்டுப் போறப்ப, தங்கமணி வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து பார்த்தாங்க. "போட்ட நகையில கால்வாசி போகுது"ன்னாங்க:-)

நடுவுல ஒரு நாள் டெக்சாஸ்லேருந்து பையன் போன். அவன் பக்கத்து வீட்டு ரிடையர்ட் தம்பதி, படுக்கை, அடுப்படி, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு வண்டி வாங்கி, ஊர் ஊராப் போறாங்களாம். ஆர்.வி.ன்னு பேராம். "அம்மா, நீ நடந்ததும் இங்கே வா, நாமும் போலாம்"னான். இவங்க அசரலை. "இதென்னடா அதிசயம்? நாங்க 1980லயே போனோமே, தாதர் எக்ஸ்பிரஸ்ல!"

நெசம்தான். ஹோல்டாலுக்குள்ள மெத்தை, கூஜாவுல தண்ணி, எவர்சில்வர் தூக்குல புளியோதரை, குழந்தைக்குக் கம்பியில தூளி. பாத்ரூமும் உண்டு. வீட்டையே கட்டிக்கிட்டுத்தான் போனோம். கர்ஜத்ல வண்டி நிக்கும். பின்னால இஞ்சின் வந்து ஒட்டிக்கும். 1863ல திறந்த போர் காட் ஏத்தம், 37 அடிக்கு ஒரு அடி ஏறணும். முன்னால இழுக்கறது மட்டும் போதாது, பின்னாலேருந்து முட்டுக்கொடுத்தாத்தான் லோனாவ்லா. அந்த கேப்புல பட்டாட்டா வடை.

அந்தப் பெட்டிகள்ல முக்கால்வாசி 1955ல ஆரம்பிச்ச பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல பிறந்தவை. அந்தப் பழைய மாடலை 2018ல நிறுத்திட்டாங்க. பிறந்தது பெரம்பூர், வைத்தியம் மாட்டுங்கா! 1915லேருந்து இருக்கிற எங்க ஒர்க்‌ஷாப்புக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை வரும். உடம்பைத் தூக்கித் தனியா வச்சு, சக்கரம், ஸ்ப்ரிங், பிரேக் பார்த்து, சாயம் அடிச்சு அனுப்புவோம். பி.ஓ.ஹெச்.னு சொல்லுவோம். 2013ல ரிடையர் ஆகற வரைக்கும் அதுதான் என் பொழப்பு. "எனக்கும் பி.ஓ.ஹெச். முடிஞ்சுது. யார்டுலேருந்து எப்ப வெளிய விடுவீங்க?"ன்னு தினம் கேட்டுட்டிருந்தாங்க தங்கமணி.

போன ஞாயித்துக்கிழமை விட்டோம்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பொண்ணு ஒரு சூத்திரம் வச்சிருக்கு. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது நோவு கால் முதல்ல. துணைக்கு வர்றவர் எப்பவும் கீழ்ப்படியில. அதாவது இறங்கும்போது நான் முன்னால, ஏறும்போது பின்னால. ஒரு கை கைப்பிடியில, ஒரு கை தடியில. மாடிக்கு மாடி ஸ்டூல். 52 படி இறங்க இருபது நிமிஷம். கீழே பசங்க கை தட்டினாங்க. டாக்சியில கிங்ஸ் சர்க்கிள் தோட்டம். பெஞ்சுல உக்காந்து அவங்க ஒண்ணும் பேசலை. மரத்தைப் பார்த்தாங்க, பூக்காரம்மாவைப் பார்த்தாங்க. நான்தான் பேசினேன். செம்பூர்ல லிஃப்டோட வீடு இருக்குன்னு தரகர் சொன்னது, நம்ம கட்டடத்தை இடிச்சுக் கட்டற பேச்சு, எல்லாம். கடைசியில, "சோப்புத் தண்ணி என் தப்புதாம்மா"ன்னேன். நாலு மாசமாத் தொண்டையில நின்ன வார்த்தை.

"தெரியும். அன்னிக்கே தெரியும்"ன்னாங்க. "அதுக்குத்தான் நாலு மாசமாச் சமைக்கிறீங்களே, உங்க சாம்பாரைச் சாப்பிட்டு நானும் தண்டனை அனுபவிச்சாச்சு. வீட்டைப் பத்தி அவசரமில்லை. தையில ஊருக்குப் போயிட்டு வருவோம், உங்க பாஸ் இருக்கே. வந்து செம்பூர் முருகன் கோவில் படியேறணும், நூத்தியெட்டாமே. ஏறிட்டு முடிவு சொல்றேன். நகை போட்டவ நான்தானே?"

திரும்பி வந்து ஏற ஆரம்பிச்சோம். நல்ல கால், தடி, நோவு கால். ரெண்டாவது மாடித் திருப்பத்துல மூச்சு வாங்க நின்னாங்க. நான் ஒரு படி கீழே, முதுகுக்குப் பின்னால கையை வச்சுக்கிட்டு நின்னேன்.

திரும்பிப் பார்த்து, "கர்ஜத் வந்தாச்சா? வடை எங்கே?"ன்னாங்க.